கேமராவுக்கும் கட்டிலுக்கும் நடுவில்

பிப்ரவரி 1, சனி

விடுதிச் சாவிகளை மாற்றுப் பொறுப்புக்கு வந்த வார்டன் அம்மாவிடம் ஒப்படைத்தாயிற்று. கையெழுத்துப் போடவே மூக்குக் கண்ணாடியைத் தேடுகிற ஆள். மாணவிகளுக்கு ஒரு வாரம் திருவிழாதான். சமையலுக்கு இருக்கும் பூமாரியிடம் தனியாகச் சொல்லிவைத்தேன். விளக்கு வைத்ததும் மாடிக் கதவைப் பூட்ட வேண்டும். துணி எடுக்கிற சாக்கில் ஒருத்தியும் ரோட்டைப் பார்த்து நிற்கக் கூடாது. முக்கியமாக, மாடியில் நின்று போனில் படம் எடுத்துக்கொள்கிற வேலை ஆகவே ஆகாது.

"அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன். நீங்க பிள்ளையப் பாருங்க" என்றாள். எங்கே போகிறேன் என்று பூமாரிக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களிடம் தங்கை மகளுக்குச் சடங்கு என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பும் அதே பெண்ணுக்கு அதே சடங்கைச் சொல்லி லீவு எடுத்த ஞாபகம். நல்லவேளை, யாருக்கும் அந்த ஞாபகம் இல்லை.

சென்னை டாக்டர் ஹேமலதா நேற்று மறுபடி போன் செய்தார். மூளைக்காய்ச்சலில் பிழைத்து, அதற்குப் பிறகு 'அது' வர ஆரம்பித்தவர்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடத்துகிறார்கள். யாருக்கு அறுவை சிகிச்சை பலிக்கும், யாருக்குப் பலிக்காது என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. என் மகள் செண்பகத்துக்கு ஒரு கட்டில் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒரு வாரம். அதற்குள் 'அது' எங்கிருந்து கிளம்புகிறது என்று தெரிந்துவிட்டால், அந்த இடத்தை எடுத்துவிட முடியுமா என்று பார்ப்பார்களாம். இந்த மாதத்தோடு ஆள் சேர்ப்பது முடிகிறது. நான்கு வகை மாத்திரை கொடுத்துப் பார்த்துக் கைவிட்ட பிறகு இது ஒன்றுதான் மிச்சம்.

'அது' என்றுதான் இந்த நோட்டில் எழுதுவது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கிற வார்த்தையை நான் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

டெய்லரிடமிருந்து நைட்டிகள் வந்துவிட்டன. உள்ளே பைஜாமா சேர்த்து, கணுக்காலில் எலாஸ்டிக் வைத்துத் தைக்கச் சொன்னேன். எப்படிப் புரண்டாலும் மேலே ஏறாது.

பிப்ரவரி 3, திங்கள்

ரயிலில் நன்றாகத் தூங்கினாள். நான் தூங்கவில்லை. எதிர் பெர்த்தில் ஒரு குடும்பம் போனும் கையுமாக இருந்தது. அவள் காலடியில் உட்கார்ந்தே வந்தேன்.

அட்மிஷன் ஆனது. பெண்கள் பகுதி என்பதால் ஒரு பெண் மட்டும்தான் கூட இருக்கலாம். அவள் அப்பா கீழே, நோயாளிகளோடு வந்தவர்கள் தங்குகிற ஷெட்டில். போகும்போது தன் சாவிக்கொத்தை என் கையில் திணித்தார்.

"அது வரும்போது பிள்ள கையில குடு."

"இங்க பெரிய டாக்டருங்க இருக்காக. இரும்பக் குடுத்தா சிரிப்பாக."

"சிரிச்சிட்டுப் போறாக. குடு."

வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

தலைக்கு மூன்று தடவை ஷாம்பு போட்டு அலசச் சொன்னார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வயர் ஒட்டாதாம். இருபத்து நான்கு வருடம் தேங்காய் எண்ணெய் தேய்த்து வளர்த்த முடி. மூன்று தடவைக்கு எண்ணெய் எங்கே போகும்? ஐந்தாவது தடவையில்தான் விட்டது. தலை முழுக்கச் சின்னச் சின்ன வில்லைகளை ஒரு பசையால் ஒட்டினார்கள். அந்த வாடை எனக்கே தலையைச் சுற்றியது. அதற்கு மேல் வெள்ளைத் துணியைச் சுற்றி, வயர்களையெல்லாம் சடைபோல முதுகுப் பக்கம் விட்டுவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்துவிட்டு, "யாரும்மா இது, சாமியார் கணக்கா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கட்டிலின் கால்மாட்டுக்கு நேரே சுவரில் கேமரா. அந்தப் பக்கம் ஓர் அறையில் உட்கார்ந்து அதைப் பார்ப்பது ஓர் ஆண்பிள்ளை. இர்ஃபான் என்று பெயர். முப்பது வயது இருக்கும். மரியாதையான பையன்தான், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஆண்பிள்ளை.

"அம்மா, அவங்களுக்கு வரும்போது இந்த பட்டனை அழுத்துங்க. போர்வை இருந்தா எடுத்துருங்க. அப்புறம் தள்ளி நில்லுங்க. கேமராவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல மட்டும் வந்துராதீங்க. சிஸ்டர் ஓடி வந்துருவாங்க."

தலையை ஆட்டினேன். என் நைட்டிகளை நர்ஸ் பையிலேயே வைக்கச் சொல்லிவிட்டாள். முழங்கால்வரை வருகிற ஆஸ்பத்திரிக் கவுன்தான். கை கால் தெரிய வேண்டுமாம். டெய்லரை மெனக்கெடுத்ததுதான் மிச்சம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 'அது' வர வேண்டும் என்பதற்காக.

ஐந்து வருடமாக வரக் கூடாது, வரக் கூடாது என்று கோமதியம்மனுக்கு முன்னால் நின்றவள் நான். இன்று காலையிலிருந்து கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வா வா என்று காத்திருக்கிறேன். அம்மனுக்கே குழம்பிப்போயிருக்கும்.

மத்தியானம் செண்பகம் கேட்டாள். "ஏம்மா, இங்க எதுக்கு வந்துருக்கோம்?"

"தலைக்கு ஒரு டெஸ்டு."

"நாளைக்கு இன்டர்னல் இருக்குல்லா. கால்குலஸ். இன்னும் ஒண்ணுமே படிக்கல."

"தள்ளி வச்சிட்டாகளாம்."

"அப்பாடி" என்று திரும்பிப் படுத்தாள். கணக்குப் பட்டப்படிப்பு, இரண்டாம் வருடம். காய்ச்சல் வந்த வாரத்தில் அந்தப் பரீட்சை இருந்தது. கண் திறந்தபோது பழையதெல்லாம் இருந்தது, புதியது எதுவும் தங்கவில்லை. என்னைத் தெரியும், அப்பாவைத் தெரியும், ஆறாம் வகுப்பு டீச்சர் பெயர் தெரியும். காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாது. அந்தப் பரீட்சையை நானும் ஐந்து வருடமாகத் தள்ளிவைத்துக்கொண்டே வருகிறேன்.

பிப்ரவரி 5, புதன்

வரவில்லை. சேலை இரண்டையும் அலசி பாத்ரூம் கம்பியில் போட்டேன். காயவில்லை. பூமாரி போன் செய்தாள்; காஸ் சிலிண்டர் வந்துவிட்டதாம்.

பிப்ரவரி 6, வியாழன்

வந்தது!

இட்லியைப் பிட்டுக் கையில் வைத்திருந்தவள் அப்படியே அசையாமல் இருந்தாள். கண் ஒரு பக்கமாகப் போனது. வாயை மெல்லுவதுபோல் அசைத்தாள். நான் பட்டனை அழுத்திவிட்டேன். நல்லவேளை, பக்கத்திலேயே இருந்தேன். கடைசியில் உடம்பு முழுவதும் வெட்டி இழுத்து, பிறகு அடங்கியது. சிஸ்டர் ஓடி வந்து பெயர் கேட்டாள், ஒரு வார்த்தையைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னாள். என் பிள்ளைக்குச் சாதாரண நாளிலேயே வார்த்தை தங்காது, சிஸ்டர் கடமையைச் செய்தாள்.

கீழே போய் அவரிடம் சொன்னேன். கல்யாணச் செய்தி கேட்டதுபோல் எழுந்து நின்றார். இரண்டு பேரும் வெளியே டீ குடித்தோம். நன்றாகப் பதிவாகியிருக்கும்.

பிப்ரவரி 7, வெள்ளி

பதிவாகவில்லையாம்.

டாக்டர் ஹேமலதா வந்தார். மெதுவாகப் பேசுகிற பெண், கோபப்படத் தெரியாதவர் போல. "வயர் எல்லாம் சரியா வேலை செஞ்சிருக்கும்மா. வீடியோலதான் ஒண்ணும் தெரியல. போர்வையும், உங்க முதுகும்தான் தெரியுது."

"போர்வை கெடந்தது, அப்படியே இருந்துட்டு."

"இல்லம்மா. பட்டனை அழுத்திட்டு நீங்கதான் போர்வையை இழுத்துப் போத்தினீங்க. அப்புறம் மேல குனிஞ்சு பிடிச்சுக்கிட்டீங்க."

நான் அப்படிச் செய்ததாக எனக்கு நினைவில்லை. கேமராவைக் கால்மாட்டில் மாட்டியது யார் தப்பு? கொஞ்சம் பக்கவாட்டில் வைத்திருந்தால் என் முதுகு எங்கே மறைத்திருக்கப் போகிறது? சொன்னேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். "இவங்களுக்கு மூளைல ரெண்டு பக்கமும் தழும்பு இருக்கு. அதனால வயர் மட்டும் போதாது. எந்தக் கை விறைக்குது, எந்தக் கை துழாவுதுன்னு கண்ணால பாக்கணும். ரெண்டும் ஒரே பக்கத்தைக் காட்டினாத்தான் ஆபரேஷன் பத்தி யோசிக்க முடியும். ஒரு தடவையாவது தெளிவா வேணும்மா. ஞாயித்துக்கிழமையோட கட்டில் வேற ஒருத்தருக்குப் போயிரும்."

புரிகிறது. 'அது' வரும்போது செண்பகம் சின்னக் குழந்தை மாதிரி கவுனைச் சுருட்டி மேலே இழுக்கிறாள் என்பதும் எனக்குப் புரிகிறது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கை துணியைத்தான் பிடித்து இழுக்கிறது. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன வருடம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் வந்தது. தூத்துக்குடி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். நான் கீழே உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேலை முந்தானையை மேலே போட்டேன். சுற்றி நின்ற கூட்டத்தில் ஒருவன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். மூன்றாம் நாள், விடுதி ஆபீஸில் வைத்து ஒரு மாணவி அந்த வீடியோவை இன்னொருத்திக்குக் காட்டிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். என்னைக் கண்டதும் போனை மறைத்தாள். நான் வருகைப் பதிவை எடுத்துவரச் சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

பிற்பகலில் மறுபடி வந்தது. இந்த முறை போர்வையைத் தொடவே இல்லை. சத்தியமாகத் தொடவில்லை.

பிப்ரவரி 7, சாயங்காலம்

இர்ஃபான் கூப்பிட்டுத் திரையில் காட்டினான். பக்கத்தில் டாக்டர்.

என் நீலக் காட்டன் சேலைதான் திரை முழுவதும். பட்டனை அழுத்துகிறேன். போர்வையை, ஆமாம், தள்ளிவிடுகிறேன். அடுத்த நொடி கட்டில் மேல் ஏறாத குறையாகக் குனிகிறேன். முந்தானையை இடுப்பிலிருந்து உருவி அவள் கால்மேல் போடுகிறேன். சிஸ்டர் என் தோளைப் பிடித்து இழுக்கிறாள், நான் அசையவில்லை. என் கை கால்கள் என்னைக் கேட்காமல் என்னவெல்லாமோ செய்கின்றன. அவளுக்கு வருவது எப்படியிருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"சாரிம்மா" என்றான் இர்ஃபான், ஏதோ அவன் தப்புப்போல.

அவள் அப்பாவிடம் சொன்னதும் வெடித்துவிட்டார். ஆஸ்பத்திரி வாசல் என்றும் பார்க்கவில்லை. "ஏட்டி, உனக்கு மானம் பெருசா, பிள்ள பெருசா?"

"பெத்தவளுக்குத்தான் தெரியும்."

"நானும்தான் பெத்தேன். என்னைய உள்ள விட்டா நான் செவரோட செவரா நிப்பேன்."

"நிப்பீக, நிப்பீக. பஸ் ஸ்டாண்டுல நின்னீகளே, அப்படி."

அன்றைக்கு அவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். சொல்லியிருக்கக் கூடாது. தலையைக் குனிந்துகொண்டு ஷெட்டுக்குள் போய்விட்டார். டாக்டர்கள் நன்றாக ஆராயட்டும், என் முதுகுக்கு ஆபரேஷன் செய்யட்டும்.

பிப்ரவரி 8, சனி

இன்று என்னை வெளியே உட்காரவைத்து, ஒரு நர்ஸை உள்ளே போட்டார்கள். மாத்திரையை முழுவதும் நிறுத்திவிட்டார்கள். நாள் முழுக்க ஒன்றும் வரவில்லை. நான் இல்லையென்று கண்டதும் "அம்மா எங்க, அம்மா எங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். கடைசியில் வயரைப் பிய்க்கப் போனதும் என்னையே உள்ளே விட்டுவிட்டார்கள்.

அவர் இரண்டு ஆரஞ்சு வாங்கி செக்யூரிட்டியிடம் கொடுத்தனுப்பியிருந்தார். சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கடைசி நாள். விடிந்ததிலிருந்து அவள் முகம் சரியில்லை. வெளுத்து, ஓயாமல் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிப் போட்டேன். முந்தானையை இறுக்கிச் சுற்றி இடுப்பில் செருகினேன். சாவிக்கொத்தை எடுத்து என் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். இரும்பு யார் கையில் இருந்தால் என்ன?

தலை வாரச் சொல்லிக் கேட்டாள். "வயரு இருக்குல்லா, நாளைக்கு வாரலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் போய்விட்டது.

பட்டனை அழுத்தினேன். போர்வையை உருவிக் கீழே போட்டேன். சுவரோடு போய் நின்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

எழுதிவிடுகிறேன். இடது கை முறுக்கிக்கொண்டு விறைத்தது. வலது கை கவுனைப் பிடித்து இழுத்தது, விட்டது, பிறகு காற்றில் துழாவியது. நான் வழக்கமாக நிற்கிற பக்கம் நோக்கித்தான் துழாவியது. அங்கே நான் இல்லை. போர்வை நுனியைத் தேடியது, அதுவும் இல்லை. கட்டில் கம்பியில் தட்டித் தட்டித் திரும்ப வந்தது. சாவி என் உள்ளங்கையில் குத்திக்கொண்டிருந்தது. சிஸ்டர், "சூப்பர்ம்மா, அப்படியே நில்லுங்க, அப்படியே" என்றாள்.

வெட்டி இழுப்பது லேசில் நிற்கவில்லை. ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. அதுவரைக்கும் நின்றேன்.

தூங்கி எழுந்ததும், "ஏம்மா, கையெல்லாம் வலிக்கு?" என்று கேட்டாள். விரல் முட்டிகளில் கம்பி பட்டுக் கன்றியிருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

டாக்டர் ஹேமலதா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு தெளிவான பதிவு எங்களுக்கே அபூர்வம்மா. எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும்னு தெரியும்." எல்லாரும் கூடிப் பேசி வியாழக்கிழமை முடிவு சொல்வார்களாம். மாத்திரையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கட்டிலைக் காலி செய்து லாட்ஜுக்கு வந்தோம்.

தலையிலிருந்த பசை லேசில் போகவில்லை. ஏதோ திரவத்தைத் தொட்டுத் தேய்த்து, பிறகு எண்ணெய், பிறகு சீப்பு. முடி கொத்தாக வந்தது. பரவாயில்லை, ஆபரேஷனுக்கு எப்படியும் மழிப்பார்கள். திரும்ப வளரும்.

அவர் செண்பகத்தின் பழைய கல்லூரிக்குப் போன் செய்து, விட்ட இடத்திலிருந்து சேர முடியுமா என்று விசாரித்தாராம். "ஏங்க, இப்பமேவா?" என்று திட்டினேன். திட்டிவிட்டு, அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

கடற்கரைக்குப் போனோம். செண்பகம் தண்ணீரில் கால் நனைத்தாள். கூட்டத்தில் நிறையப் பேர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவரையே எங்கள் இரண்டு பேரையும் ஒரு படம் எடுக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 13, வியாழன்

முடியாதாம்.

முதல் இரண்டு தடவையும் வயரில் இடது பக்கம் கிளம்பியிருக்கிறது. மூன்றாவது, தெளிவாகப் பதிவானது, வலது பக்கம் கிளம்பியிருக்கிறது. இடது கை விறைத்தால் கோளாறு வலது பக்கமாம்; கைகளும் அதையேதான் சொல்கின்றன. இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது.

"ஒரு பக்கத்தை எடுத்தா, இப்ப இருக்கிற ஞாபகமும் போயிரும்மா. வலிப்பும் நிக்காது" என்றார் டாக்டர். "வேற மாத்திரை மாத்திப் பாக்கலாம். ஆனா பொய் நம்பிக்கை குடுக்க எனக்கு மனசு வரல."

ஐந்தாவது வகை மாத்திரை. அவள் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கேவலமான எண்ணம் வந்தது. மூன்றாவது தடவையும் மறைத்திருந்தால் ஒரு சந்தேகமாவது மிச்சம் இருந்திருக்கும். அந்தச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சகாலம் ஓட்டியிருக்கலாம்.

டாக்டர் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். அந்தப் பதிவை ஆராய்ச்சியில் சேர்க்கவும், படிக்கிற டாக்டர்களுக்குக் காட்டவும் எங்கள் சம்மதம் வேண்டும். இரண்டு பக்கமும் கெட்டிருப்பதை ஆபரேஷனுக்கு முன்பே எப்படிக் கண்டுகொள்வது என்பதற்கு இவ்வளவு நல்ல உதாரணம் அவர்களிடம் இல்லை. "கட்டாயம் இல்ல. நீங்க வேணாம்னா யாரும் பாக்க மாட்டாங்க."

"குடுத்துரு" என்றார் அவர். "வேற யாரு பிள்ளைக்காவது ஆவட்டும்."

"நான் ஒரு தடவ பாக்கணும்" என்றேன்.

இர்ஃபான் போட்டான். செண்பகமும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள், தடுக்கத் தோன்றவில்லை. திரையில் தலை முழுக்க வெள்ளைத் துணி கட்டிய ஒரு பெண். கவுன் மேலே ஏறிக் கிடக்கிறது. கை துழாவுகிறது. ஓரத்தில் சுவரோடு, முகம் தெளிவில்லாமல் ஒரு பொம்பிளை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விடுதியில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டு நிற்கிற மாதிரி நிற்கிறாள்.

"ஏம்மா, யாரு அந்தப் பிள்ள?" என்றாள் செண்பகம். "பாவம். என்னத்தையோ தேடுது பாரு."

இர்ஃபான் திரும்பி டாக்டரைப் பார்த்தான்.

"அந்த அம்மா ஏன் சும்மா நிக்காக? கையக் காலப் புடிக்கக் கூடாதா? ஒரு துணியவாவது போத்தலாம்லா."

அவள் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். டாக்டர் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். செண்பகம் என் முகத்தைப் பார்த்து, "நீ எதுக்கும்மா அழுத? தெரிஞ்சவங்களா?" என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க முகம் தெரியாம மறைச்சுத்தான் காட்டுவோம்மா, கவலைப்படாதீங்க" என்றார்.

"அவ மொகம் இருந்துட்டுப் போட்டும். என்னைய மறைச்சிருங்க" என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ரயில். ஜன்னல் ஓரம் அவளுக்கு. எங்கே போய்விட்டு வருகிறோம் என்று கேட்டாள். சித்தி மகளுக்குச் சடங்கு என்றார் அவர்.

பிப்ரவரி 24, திங்கள்

விடுதிக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. மாடிக் கதவுத் தாழ்ப்பாள் உடைந்து கிடக்கிறது. யாரும் தொடவில்லையாம், தானாக உடைந்துவிட்டதாம். பூமாரி மட்டும், "என்னம்மா சொன்னாக?" என்று கேட்டாள். "மாத்திரை மாத்திருக்காக" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. அரிசி களையப் போய்விட்டாள்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது செண்பகத்துக்கு வலிப்பு வந்தது. நடுவீட்டுக் கட்டிலில். அவர் கடைக்குப் போயிருந்தார். மேலே கிடந்த போர்வையை உருவிப் போட்டுவிட்டு, பீரோ ஓரமாகப் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் கை துழாவியது. நான் வழி விட்டு, நன்றாகத் தெரிகிற மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

எதிர்ச் சுவரில் காலண்டர்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கேமரா இல்லை, இது என் வீடு என்று உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஓடிப்போய்ப் பிடித்தேன். அதற்குள் கை தேடுவதை நிறுத்திவிட்டது.